டாக்டர் பார்த்த உடம்பு

சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் இனாம். அதை யாரும் மறுக்க முடியாது. புட்டி மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும், நோயாளி நேரில் வர வேண்டும், அவ்வளவுதான். இளம்பிள்ளைப் பக்கத்திலிருந்து விடியுமுன் நடந்துபோன சென்னியம்மாள், உச்சி வெயில் வரை வரிசையில் நின்றாள். புருஷன் கந்தவேல் இருமினால் ரத்தம் வருகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ஆளைப் பார்க்காமல் மருந்து கொடுக்கச் சட்டம் இல்லையாம்.

ஆளைக் கொண்டுவர வழியில்லை. போன மாதம் மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் குலுக்கலில் வாய் நிறைய ரத்தம் கக்கினான். திருப்பிக் கொண்டுவந்து படுக்க வைத்ததிலிருந்து அவன் கண் தறிக்குழியை விட்டு நகரவில்லை. தறியில் பாதிச் சேலை நின்றது. எழுந்து நானே முடிப்பேன் என்று வேறு யாரையும் அதில் உட்கார விடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற சேவகன்தான் யோசனை சொன்னான். இரக்கப்பட்டுச் சொன்னானா, தொந்தரவு விட்டால் போதும் என்று சொன்னானா, அவனுக்கே வெளிச்சம்.

"ஏம்மா, டாக்டருக்குப் பாக்கறதுக்கு ஒரு உடம்பு வேணும். ஆராச்சும் ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு வா."

மறுநாள் கந்தவேலிடம் சொல்லிவிட்டு, அவனுக்குப் பதிலாகக் கொழுந்தன் குழந்தைவேலைக் கூட்டிப்போனாள். அண்ணனைத் தூக்கி உட்கார வைப்பதும் கழுவி விடுவதும் அவன்தான். நல்ல திடகாத்திரமான ஆள். வழியெல்லாம் இருமிப் பழகிக்கொண்டே வந்தான்.

"அண்ணி, இப்படி இருமுனாச் செரியா இருக்குங்களா?"

"செரியா இருக்குது தம்பி."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

பேர் கேட்டதற்கு, "கந்தவேலுங்க" என்றான். டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்தார், முதுகில் வைத்தார். ரத்தம் வருகிறது என்று அவன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சென்னியம்மாளைப் பார்த்து, "உன் புருஷனுக்கு நெஞ்சு சுத்தமா இருக்கு. ஒரு நோயும் இல்லை. பயப்படாதே" என்றார்.

அந்த ஒரு கணம் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். யாரைச் சொல்கிறார் என்பதே மறந்துபோயிற்று. கை தானாகக் கும்பிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றும் சிவப்புத் தண்ணீரைக் கம்பவுண்டர் அவள் புட்டியிலும் ஊற்றிக் கொடுத்தபோதுதான் நினைவு வந்தது. வந்ததும் மனசு மரத்துப்போயிற்று. வீடு வந்ததும் புட்டியை மாடத்தில் வைத்தாள்.

"ஏம்புள்ள, டாக்டரு என்ன சொன்னாரு?" என்று கந்தவேல் கேட்டான்.

அவளுக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை. "நெஞ்சு சுத்தமா இருக்குதுன்னாருங்க."

"குழாய் வெச்சுப் பாத்தாரா?"

"முன்னாலயும் பொறத்தாலயும் வெச்சுப் பாத்தாருங்க."

கந்தவேல் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அப்பத் தம்பிக்கு ஒட்டலை" என்றான். "அவன் என்னையத் தொட்டுத் தூக்கறப்பெல்லாம் எனக்கு அதே பயந்தான்."

அவள் அதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"அவனைக் குழியில எறங்கி உக்காரச் சொல்லு. சேலைய முடிக்கட்டும்."

"நீங்க எந்திரிச்சு முடிக்கறேன்னீங்களே."

"அவன் முடிக்கட்டும் புள்ள" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குழந்தைவேல் குழியில் இறங்கி மிதியை மிதித்தான். சென்னியம்மாள் ஒரு வேளை மருந்தைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்து வந்தாள். நெடுநாளைக்குப் பிறகு கேட்ட தறிச் சத்தத்தில் கந்தவேல் தூங்கிப்போயிருந்தான். எழுப்ப மனசு வரவில்லை. இவ்வளவு தூரம் நடந்து வாங்கியதைக் கீழே கொட்டவும் மனசு வரவில்லை. அவளே குடித்துவிட்டாள்.