ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றுவது

சம்பளத்தை முப்பதால் வகுத்து, வந்ததை, ரெண்டு வார ஞாயிறுகளைத் தள்ளி, பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு தெய்வசிகாமணி செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கிட்டத்தட்ட பாதிச் சம்பளம் போய்விடும். வாடகையைக் கொடுத்துவிடலாம், மளிகைக்கடைக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம், சீட்டுப் பணத்துக்கு மட்டும் எங்காவது புரட்ட வேண்டும். தாங்கக்கூடிய அடிதான். மனைவி கனகத்துக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது, ரெண்டு வாரமாவது கூட ஆள் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோதே, அந்த ஆள் தான்தான் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. மகள் பவித்ரா ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவளுக்கு யார் லீவு கொடுப்பார்கள்?

அவனுக்கு மைன்ஸில் காண்டிராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற மண்ணை வாரி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். கையில் இருந்த லீவெல்லாம் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அலைந்ததிலேயே தீர்ந்திருந்தது. இனி எடுப்பதெல்லாம் சம்பளமில்லாத லீவு. எழுதிக் கொடுக்கப் போனபோது, காண்டிராக்டர் ஆபீசில் வருகைப் பதிவு பார்க்கும் குஞ்சிதபாதம் இவன் போட்ட கணக்கைக் கேட்டுச் சிரித்தார்.

“நடுவுல ஒரு ஞாயித்துக்கெழம வருதே, அத்தச் சும்மாவா வுடுவாங்கன்னு நெனச்சிக்கினு இருக்க?”

“அது வார ஆப்தானங்க? எப்பவும் சம்பளம் உண்டே.”

“முந்தின நாளும் வரல, மறுநாளும் வரலன்னா ஆப்பும் சேந்து போயிடும்ப்பா. எல்லாரும் பண்றத நீயும் பண்ணு. சனிக்கெழம ஒரே ஒரு ஷிப்டு வந்து தலயக் காட்டிட்டுப் போயிடு. ஞாயித்துக்கெழம தப்பிச்சிக்கும்.”

ஒரு ஷிப்டுக்கு ரெண்டு நாள் சம்பளம். வேண்டாம் என்று சொல்ல அவன் என்ன பர்மனென்ட்டா?

அந்த முதல் வாரம் அவனுக்குப் பிடித்திருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பொண்டாட்டி வலியில் படுத்திருக்கும்போது இப்படியொரு நிம்மதியா என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது. இருபது வருஷமாக இவன் ஷிப்டு முடிந்து வரும்போது அவள் டவுன்ஷிப்பில் மூன்று குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போயிருப்பாள். அவள் திரும்பும்போது இவன் தூங்கிக்கொண்டிருப்பான். பகல் வெளிச்சத்தில் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டதாக ஞாபகமே இல்லை. ரசத்தில் புளியை அள்ளிப் போட்டிருந்தான். அவள் முகம் சுளிக்காமல் குடித்தாள். அவ்வப்போது அவளுக்குப் போன் வரும். பேசி முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வலி போலிருக்கிறது என்று இவன் நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை விஷயத்தைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். “போயிட்டு வாய்யா. ஒரு நாளு படுத்துக்கினு கெடக்க மாட்டனா?” என்றாள் கனகம். இவ்வளவு சுலபமாக அவள் எதற்குமே தலையாட்டியதில்லை. அது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் ஷிப்டு முடிந்து அவன் தன் ஊரான வடக்குத்துக்குத் திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது.

“அக்கா டவுன்ஷிப் பிளாக்குக்குப் போயிருக்காங்கண்ணா. நீங்க வர்றதுக்குள்ள வந்துடறன்னு சொன்னாங்க” என்றாள் பக்கத்து வீட்டு சங்கீதா. “வேல செய்யற டீச்சரம்மா வூட்டுக்குன்னு நெனைக்கிறன். ஷேர் ஆட்டோலதான் போனாங்க.”

தையல் பிரிந்தால் என்ன ஆகும்? யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் மொப்பட்டைக் கிளப்பினான். வழி நெடுக அவளைத் திட்ட வேண்டியதையெல்லாம் வாய்க்குள் சேர்த்துக்கொண்டே போனான்.

காந்திமதி டீச்சர் வீட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்து கனகம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே ஒரு கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்தது. டீச்சர் கதவருகே நின்றிருந்தார்.

“நான் ஒண்ணும் செய்ய விடலப்பா. உக்காந்த எடத்துல வெங்காயம் மட்டுந்தான்” என்றவர், அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

“யாரக் கேட்டு வந்த?”

“மத்த ரெண்டு வூட்டுலயும் வேற ஆளு வச்சிட்டாங்கய்யா” என்றாள் கனகம், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “இவங்க ஒரு வாரம் பாக்கறன்னு சொல்லியிருந்தாங்க. இன்னிக்கி வந்து தலயக் காட்டலன்னா இதுவும் போயிருக்கும்.”

சேர்த்துவைத்த திட்டெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பெல்ட்டு மண் இன்னும் அவன் சட்டையில் ஒட்டியிருந்தது. இந்தக் கோலத்தில் நின்றுகொண்டு எந்த வாயால் அவளைக் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை வரை இழுத்துக் கணக்குப் பார்த்தவனுக்கு, அவளுடைய மூன்று வீட்டுச் சம்பளம் நினைப்பிலேயே வரவில்லை. அதை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“வலிக்குதா?”

“ஆட்டோ ஸ்பீடு பிரேக்கர் ஏறி எறங்கறப்பதான். இப்ப இல்ல.”

ஆனால் அவளால் ஒரே மூச்சில் எழுந்திருக்க முடியவில்லை. அவன் கை கொடுத்துத் தூக்கி மொப்பட்டில் உட்கார வைத்தான். வண்டியைக் கிளப்பவில்லை. மெயின் ரோடு வரைக்குமாவது தள்ளிக்கொண்டே போகலாம் என்று நடந்தான். ரெண்டாவது ஷிப்டு கம்பெனி பஸ்ஸெல்லாம் எப்போதோ போய்விட்டதால் பிளாக் ரோடு வெறிச்சென்று கிடந்தது.

“நாளைக்கி எனக்கு சம்பளத்தோட லீவு” என்றான். “கறி எடுத்தாரன்.”

“நீ ஆக்கப் போறியா?”

“திங்கக்கெழமயிலேருந்து டீச்சரம்மா வூட்டுக்கும் நானே வந்து பாத்திரம் தேச்சிக் குடுக்கறன். எப்பிடியும் லீவுதான?”

கனகம் சிரித்துவிட்டு உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “சிரிக்க வைக்காதய்யா. தையல் இழுக்குது.”

அவன் சிரிக்கவில்லை. எதிரே ஸ்பீடு பிரேக்கர் வந்தது. வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கினான். பின்சக்கரம் ஏறுவதற்கு முன் அவள் அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.