அபர்டாரன் தெருவில் சுவர் வேர்க்கிறது

...இறங்கிப் போக வேண்டியது இன்று என் முறை, எங்கள் வேல்ஸ்காரர் தேவாலயத்தின் வியாழக்கிழமைக் கூட்டத்தில் மூப்பர் ஒருவர் பெஞ்சு பெஞ்சாகப் போய், அவரவர் மனதில் இருப்பதைக் குனிந்து கேட்டு, சபைக்கு உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும், இருபது வருடமாகச் செய்கிறேன், இன்று கால் எழவில்லை. மூன்றாம் வரிசையில் கெயின்வென், கையுறைக்குள் இருமுகிறாள். பக்கத்து மூப்பர் எம்ரிஸ் என் காதோரம், “என்ன இத்வால், வேல்ஸ் மலையையே பேத்துக் கொண்டாந்து லிவர்பூலுக்குக் கூரை போட்டவன், எந்திரிக்க மட்டும் சோம்பலா?” என்றார். சிரித்தேன். நான் கட்டிய வீடுகளில் கூரை நல்ல கூரைதான், எங்கள் மலையில் வெட்டிய பலகைக்கல், ஒரு சொட்டு ஒழுகாது... சுவர்? உப்பில்லாத குழிமணல் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள், பனிக்கு முன் ஆறு வீட்டுக்கு உள்பூச்சு முடிய வேண்டும், கடற்கரையில் மணல் கிடந்தது, அள்ளி வா என்று வண்டிக்காரனிடம் சொன்னது யார், நான்தானே, உப்புப் போகக் கழுவச் சொன்னேனா... இல்லை. பிறகு அந்தத் தெருவுக்கு அபர்டாரன் என்று எங்கள் கடலோர ஊரின் பெயரை வைத்தேன். கணவனைத் துறைமுக வேலையில் பறிகொடுத்து நின்ற கெயின்வென், வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, பெயர்ப்பலகையை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள், சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஒருவழியாக எழுந்து இறங்கிப் போய், கெயின்வென் பக்கம் குனிந்தேன். “வீட்டக் கொற சொல்லிட்டே இருந்தேங்கய்யா, அதுக்கு மன்னிப்புக் கேக்கணும். கணப்புல எவ்வளவு கரி போட்டாலும் சுவரு வேர்த்துக்கிட்டே இருக்கு. ஒருநா தொட்டு நாக்குல வச்சேன், உப்பு. நம்ம ஊருக் கடலும் கூடவே வந்துருச்சுபோலன்னு சிரிச்சுக்கிட்டேன். ஒங்கமேல கோவப்பட்டது என் தப்பு.”

நிமிர்ந்தேன். சபை காத்திருந்தது. ஒரே வரிதான், கரை மணல், நான்தான் போடச் சொன்னேன்... எத்தனை பேருடைய பாவத்தை இந்த வாய் இங்கே நின்று கூசாமல் சொல்லியிருக்கிறது? “சகோதரி தனக்குக் கெடச்ச வீட்டுக்காக நன்றி சொல்றாங்க.” என் குரல்தான், தெளிவாக இருந்தது. ஆமென் என்றார்கள், எம்ரிஸ் எல்லோரையும்விட உரக்க. அவள் என்னைப் பார்த்தாள், தான் சொன்னது அதுதானோ என்று யோசிப்பவள்போல, பிறகு மெல்லத் தலையாட்டினாள்.

அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தேன், யாரோ ஏதோ சொன்னார், காதில் விழவில்லை... நாக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றியிருக்கிறது அவளுக்கு, கடலோரம் பிறந்தவள், உப்பு என்று கண்டவளுக்கு மணல் எங்கிருந்து வந்தது என்று தெரியாதா, தெரிந்துதான், நானே சொல்லட்டும் என்று, அதை என் காதில் போட்டாளா?