கெரெக்பார்த்துக்கு மேலே நின்ற பந்து

திஸா ஆற்றங்கரையிலுள்ள கெரெக்பார்த்தில், பெண்களுக்கான தேசிய டென்னிஸ் இறுதிப் போட்டியின் கடைசிப் புள்ளிக்காகப் பொதிஷ் எத்தெல்கா உயரத் தூக்கி அடித்த பந்து, பாப்ளார் மரங்களைத் தாண்டி ஏறி அங்கேயே நின்றுவிட்டது. காற்று அதை அசைக்கவில்லை. மழையில் நனைந்து சற்றுக் கறுத்தது, அவ்வளவுதான். வலைக்கு அப்பால் ஹல்மோஷ் வில்மா மட்டையை ஓங்கியபடி பொழுது சாயும்வரை அண்ணாந்து நின்றாள். விழாத பந்தை உள்ளே என்றோ வெளியே என்றோ அறிவிக்க முடியாதென்று நடுவர் தெஜோ உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்க மறுத்தார். மறுநாள் அவர் மனைவி வந்து காதைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனாள். தலைநகரிலிருந்த சம்மேளனம் இதை அற்புதமாகக் கருதவில்லை, நிர்வாகச் சிக்கலாகக் கருதியது. ஒரு புள்ளி முடியாமல் ஆட்டக்காரர் வேறோர் ஆட்டத்தில் இறங்கக் கூடாது. ஆகவே பந்து இறங்கும்வரை இருவரும் எங்கும் ஆடலாகாது என்று தீர்மானித்துவிட்டு, தீர்மானித்த களைப்பில் அது மதிய உணவுக்குப் போனது.

எத்தெல்காவின் விளையாட்டு வாழ்க்கை இவ்வாறு வானத்தில் மாட்டிக்கொண்டது. அதற்குமுன் அவள் சோபியாவிலும் வார்சாவிலும் பளிங்குப் பூச்சாடிகளை வென்றிருந்தாள். ஊரார் அவற்றை எட்டிப் பார்த்ததில்லை. லண்டன் புல்தரையில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியபோது மட்டும் ரயில் நிலையம்வரை வந்து, "புல்லு மேய்ஞ்சது போதுமா, எதுஷ்?" என்று செல்லப்பெயர் சொல்லி நலம் விசாரித்தார்கள். வில்மா எல்லை தாண்டி வியன்னாவுக்குப் போய் ஒரு பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டாள். எத்தெல்கா ஊரிலேயே தங்கிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்தாள். மாலைதோறும் கனத்த பாயை இழுத்துச் செம்மண் களத்தைச் சமன் செய்து, கோடுகளைத் துடைத்து வைத்தாள். செம்மண்ணில் விழும் பந்து தடம் பதிக்கும். தடம் பொய் சொல்லாது. கொடுத்த வெற்றியும் வேண்டாம், பறித்த தோல்வியும் வேண்டாம், அந்தப் புள்ளி முறையாக முடிய வேண்டும் என்பதொன்றே அவள் கேட்டது. அதைக் கேட்டு ஊர் சிரித்தது. சிரிப்பதற்கு அந்த ஊருக்குப் பெரிய காரணம் எதுவும் எப்போதும் தேவைப்பட்டதில்லை.

பிறகு ஆட்சி மாறியது. நகர மன்றத்தின் கூரையிலிருந்து சிவப்பு நட்சத்திரத்தை இறக்கிய கரன்ச்சி ஒத்மார்தான் முன்பு அதை ஏற்றியவர். இரண்டு முறையும் அதே ஏணி, அதே கண்ணீர். மேயரானதும் அவருக்குப் பந்து கண்ணில் பட்டது. வெளிநாட்டார் பேருந்துகளில் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்குப் பூண்டு தடவிய லாங்கோஷ் என்ற பொரித்த ரொட்டியும் சோடா கலந்த ஒயினும் விற்கப்பட்டன. எத்தெல்கா ஓய்வு பெற்ற ஆண்டில், அவளைக் கௌரவிக்கக் களம் முழுவதும் பச்சை பிளாஸ்டிக் விரிப்புப் போடப்பட்டது. 'இங்கே பொதிஷ் எத்தெல்கா, ஹல்மோஷ் வில்மாவை வென்றார்' என்று பளிங்குக் கல்லும் வெட்டியாயிற்று.

"இந்த விரிப்புல பந்து விழுந்தா தடம் தெரியுமா, ஒத்மார்?" என்று கேட்டாள் எத்தெல்கா.

"தடம் எதுக்கு அத்தை? நீங்க ஜெயிச்சீங்கன்னு கல்லுலயே வெட்டியாச்சே!"

"கல்லுல வெட்டுனது நீ. நான் இன்னும் ஜெயிக்கல."

விழாவன்று பித்தளை வாத்தியங்கள் முழங்கின; கொப்பரையில் குலாஷ் இறைச்சிக் குழம்பு கொதித்தது. தன் தோல்விக்குக் கைதட்ட அழைக்கப்பட்ட வில்மா, செயற்கை இடுப்போடும் பழைய மர மட்டையோடும் வந்திறங்கினாள். மேயரின் உரை அவருடைய இளமைப் பருவத்தைக்கூட எட்டியிராத வேளையில், எத்தெல்கா சமையல்காரரின் கத்தியை எடுத்துக்கொண்டு வில்மாவின் பக்கம் போய், கடைக்கோட்டை ஒட்டி விரிப்பை அறுத்துச் சுருட்டினாள். அடியில் செம்மண் சிவந்து கிடந்தது. பழைய வெள்ளைக்கோடும் இருந்தது.

வில்மா மெல்ல நடந்து வந்து கோட்டுக்குப் பின்னால் நின்றாள்.

"கிழவியாயிட்டடி, எதுஷ்."

"நீ மட்டும் கொமரியா? ஒம் பின்கை அடியவிட ஒன் இடுப்பே தேவலாம் போல."

"வாய அடக்கு. பந்தப் பாரு."

பந்து இறங்கியது. பாதியில் நின்ற வேலையைத் தொடர்கிற மாதிரி, அவசரமில்லாமல் இறங்கிக் கடைக்கோட்டின் விளிம்பில் விழுந்தது. மேயரும் மன்றத்தாரும் வாத்தியக்காரர்களும் மேடையிலிருந்து குதித்தோடித் தடத்தைச் சுற்றி மண்டியிட்டார்கள். தெஜோ ஊன்றுகோலால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, "உள்ள! உள்ளதான்!" என்று கூவினார். ஊரே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதது. உள்ளேயா வெளியேயா என்று அத்தனை ஆண்டுகளாகச் சண்டையிட்டு, மூக்குகளை உடைத்து, இரண்டு திருமணங்களை முறித்துக்கொண்ட அந்தக் கூட்டத்தில், எதிர்ப்பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாளே, உள்ளே விழுந்த பந்தை அவள் திருப்பி அடிப்பாளே என்று ஒரு தலைக்கும் தோன்றியதில்லை. அவர்கள் குனிந்திருந்தபோது, அதே அவசரமில்லாமையோடு துள்ளி எழுந்த பந்தை வில்மா அவர்களுடைய முதுகுகளுக்கு மேலாக உயரத் தூக்கி அடித்தாள்.

அது பாப்ளார் மரங்களைத் தாண்டி ஏறி, நின்றது.

எத்தெல்கா ஏற்கெனவே தன் பக்கத்துக்குத் திரும்பி, அண்ணாந்து நின்றிருந்தாள். அவள் சிரித்ததை அன்றுதான் பலர் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் அடிச்சிருக்க," என்றாள்.

"திருப்பி அடிச்சுக் காட்டு பாப்போம்," என்ற வில்மா, குலாஷ் சாப்பிடப் போனாள்.

இப்போது பந்து எத்தெல்காவின் பக்கத்துக்கு மேலே இருக்கிறது. லாங்கோஷ் கடைகள் வலைக்கு இந்தப் புறமாக மாறிவிட்டன. உள்ளேயா வெளியேயா என்ற சண்டை புது மூக்குகளோடு தொடங்கிவிட்டது. மீதி விரிப்பையும் உரித்தெறிந்த எத்தெல்கா மாலைதோறும் பாயை இழுக்கிறாள். பாய் துள்ளாமல் மண்ணோடு படிவதற்காக, அதன்மேல் அந்தப் பளிங்குக் கல்லை எழுத்துப் பக்கம் கீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.