தாளம் முடியட்டும்

...மைக் ஸ்டாண்டின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, நல்ல கனம், ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு இழுக்கும், அதை அக்கா புருஷனின் நெற்றியில் இறக்கினால் என்ன சத்தம் வரும், பாஸ் ட்ரம் மாதிரி அமுங்கியா, ஸ்னேர் மாதிரிப் பளீரென்றா... இந்த நேரத்திலும் சத்தத்தைத்தான் யோசிக்கிறாய் பார், நீயெல்லாம் ஒரு தம்பி, என்று தன்னையே வைதுகொண்டான். இடது தட்டில் அமெரிக்கக் கறுப்பர்களின் பழைய சோல் பாட்டு சுற்றிக்கொண்டிருந்தது, தொண்டை கரகரத்த ஒரு பெண் யாரையோ போகாதே போகாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள், வலது தட்டில் ட்ரம்ஸ் அதிரும் ஃபங்க் இசைத்தட்டு ஊசிக்காகக் காத்திருந்தது. சனிக்கிழமை பிற்பகல் என்றால் அவனுக்கு வானொலி நிலையத்தின் இந்த அறைதான், பழைய சோல், புது ஃபங்க், பழைய ஃபங்க், புது சோல், ஒன்றின் வாலை அடுத்ததன் தலையோடு தாளம் பிசகாமல் ஒட்டி, இரண்டு மணி நேரம் நூல் நுழையவும் இடைவெளி விடமாட்டான், பேசுவதும் பாட்டின் மேலேயேதான், அதனால்தான் கூட்டாளிகள் அவனுக்குக் கோந்து என்று பெயர் வைத்தார்கள், அவனும் அதைப் பட்டம் கிடைத்த மாதிரிச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஏற்றுக்கொண்டான். அந்தக் கோந்தை இப்போது காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

இன்று நிலையத்தின் வாசலில் அக்காவின் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா நின்றிருந்தாள், கழுத்தில் இஞ்சு டேப் அப்படியே தொங்கியது, கழற்றிவைக்கக்கூடத் தோன்றாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள். போன வாரம் உங்க பாட்டு நடுவுல நின்னுச்சே தம்பி, என்றாள். அவனுக்குக் காது சூடாகிவிட்டது, ஊசி எகிறிவிட்டது, அத்தனை வருடத்தில் முதல் தடவை, மூச்சு விடும் நேரம்தான், அதற்கே மைக்கில் மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் படுத்தான், இவளும் அதைக் குத்திக்காட்டத்தான் வந்திருக்கிறாளா... அப்பத்தான் தம்பி கேட்டுச்சு, என்றாள் அவள், வேணாங்க வேணாங்கன்னு உங்க அக்கா குரல், அப்புறம் மடேர்னு ஒரு சத்தம், உடனே உங்க பாட்டு வந்துடுச்சு, அதோட ஒண்ணும் கேக்கல. உங்க அக்கா வீட்டுக்காரரு வாராவாரம் உங்க நிகழ்ச்சிக்கு மட்டும் ரேடியோவ அலற விடுவாரு, பாட்டுப் பிரியர்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தோம். போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள், அக்கா புருஷன் சிரித்த முகமாகத் திறந்து, சத்தம் ஜாஸ்தியா இருக்காம்மா, இதோ கொறைச்சிடறேன் என்றானாம். மறுநாள் போலீசில் சொன்னதற்கு அவர்களும் வந்து, அதே சிரிப்பைப் பார்த்துவிட்டு, அக்கா தலையைக் குனிந்துகொண்டு ஒண்ணுமில்லீங்க என்றதும் போய்விட்டார்களாம்.

ஒண்ணுமில்லீங்க... அவனிடமும் அதைத்தானே சொல்வாள். உதடு கிழிந்திருந்தது, கதவு இடிச்சிடுச்சுடா என்றாள், விரல் வீங்கியிருந்தது, அதுவும் கதவு, உனக்கும் அந்தக் கதவுக்கும் என்னக்கா வாய்க்கால் தகராறு என்று இவன் கிண்டலடித்தான், அவளும் சிரித்தாள், கிழிந்த உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள், அதைப் பார்த்துக்கொண்டே இவன் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டான். அந்த ஸ்பீக்கர்களை வாங்கிக் கொடுத்தது யார்? புது வீட்டுக்கு என்ன செய்வது என்று யோசித்து யோசித்து, ஆளுயரப் பெட்டி இரண்டையும் தன் தோளிலேயே மாடிக்குச் சுமந்தது யார்? ட்ரம்ஸ் வந்தா செவுரே அதிருது மாப்ள, வாராவாரம் விடாம கேக்குறேன், என்று அக்கா புருஷன் முதுகில் தட்டியபோது குளிர்ந்துபோகவில்லையா? அக்கா மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் பண்ணி, நாளைக்கு மெதுவான பாட்டா போடேன்டா என்பாள், உனக்கு வயசாயிடுச்சுக்கா என்பான் இவன். மெதுவான பாட்டில் அடி வெளியே கேட்டுவிடும் என்று அவன் கையை அடக்கிக்கொள்வான், அதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள், தம்பியிடம் நல்ல பாட்டு கேட்கவில்லை, ஒரு வாரம் அடிபடாமல் இருக்கக் கேட்டிருக்கிறாள். அந்த ஆளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடக்க வேண்டும், நகம் மணிக்கட்டைத் தொடுகிற வரைக்கும் மடக்க வேண்டும், அப்போது அலறுவான், அலறட்டும், அதற்கு எந்தப் பாட்டும் போடப்போவதில்லை.

உள்ளே வருவதற்கு முன் அக்காவுக்குப் போன் செய்தான். எல்லாம் தெரிஞ்சுபோச்சுக்கா, நான் இப்பவே வர்றேன், என்றான். நீ வந்து கத்திட்டுப் போயிடுவ, அப்புறம் நாந்தானடா அவரோட இருக்கணும், என்றாள், மெதுவான பாட்டா போடு, போதும், இன்னைக்குப் பொழுது போயிடும். தையல்காரம்மா வேறு வழி சொல்லிவிட்டுப் போயிருந்தாள், எங்க வீட்டுக்காரரு, எதிர்வீட்டுப் பசங்க எல்லாரும் தயாரா இருக்கோம், போலீஸ்காரர் ஒருத்தரும் எங்க வீட்ல வந்து உக்காந்துக்குறேன்னு ஒத்துக்கிட்டாரு, அவர் காதுல விழுந்தாப் போதும், கதவ ஒடச்சிடலாம்... காதில் விழ வேண்டுமென்றால் பாட்டு நிற்க வேண்டும். ஆனால் பாட்டு நிற்கும்போது அவன் கை ஓங்கியிருக்க வேண்டும், கை ஓங்க வேண்டுமென்றால் அதற்கு முன் பாட்டு அலற வேண்டும். சத்தமான பாட்டை அவள் மேல் ஏவிவிட்டு, பிறகு பிடுங்க வேண்டும், அக்காவையே தூண்டில் புழுவாக்க வேண்டும், இதைச் செய்ய முடியுமா ஒருத்தனால்? முடியாது என்றுதான் முதல் ஒரு மணி நேரமும் மெதுவான பாட்டாகவே போட்டான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் கொட்டாவி விட்டுக் காட்டினார், விரலைச் சுழற்றி, வேகம் வேகம் என்றார், இவன் பார்க்காதது மாதிரி இருந்தான். அப்போதுதான் போனில் அக்கா புருஷனின் செய்தி வந்தது. என்ன கோந்து மாப்ள, இன்னைக்கு எழவு வீடா? நல்லா அடிச்சு ஆடற மாதிரி ஒண்ணு போடு.

அந்த எழுத்துகளைத் திரும்பவும் படித்தான். பாட்டுக் கேட்கவில்லை இந்த ஆள், அனுமதி கேட்கிறான், பெல்ட்டை உருவிக் கையில் சுற்றிக்கொண்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு, என் கையாலேயே ஆரம்பித்துவைக்கச் சொல்கிறான்... இன்று போட மறுத்தால் அடுத்த சனிக்கிழமை, அதையும் மறுத்தால் வேறு எவனாவது ஒருத்தனின் பாட்டு, உலகத்தில் ட்ரம்ஸுக்கா பஞ்சம். அமைதி நீண்டால் தானாகப் பாட்டு போட்டுவிடும் பெட்டி ஒன்று மூலையில் இருந்தது, குனிந்து அதன் வயரைப் பிடுங்கினான், அறைக் கதவை உள்ளே பூட்டினான், தையல்காரம்மாவுக்கு 'இப்ப' என்று ஒரே வார்த்தை அனுப்பினான், கெஞ்சிக்கொண்டிருந்த பெண்ணின் குரலைத் தணித்து வலது தட்டில் ஊசியை இறக்கினான். மேலாளர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பாஸ் கிடார் தரையிலிருந்து எழுந்து வந்தது, பித்தளைக் குழல்கள் முகத்தில் அறைந்தன, ட்ரம்ஸ், அய்யோ அந்த ட்ரம்ஸ், ஒரு அடி, இதோ இப்போது ரேடியோ குமிழைத் திருப்பியிருப்பான், இன்னொரு அடி, அவள் சமையலறைப் பக்கம் ஓடியிருப்பாள், முடியைப் பிடித்திருப்பான், அடி, சுவரில் தலை, அடி, போதும் நிறுத்து, இன்னும் இல்லை, தொடங்கியிருக்க மாட்டான், இல்லை தொடங்கிவிட்டான், எப்படித் தெரியும், இங்கிருந்து எப்படித் தெரியும், ட்ரம்காரன் கடகடவென்று உருட்டிக்கொண்டு மேலே மேலே ஏறினான், ஏறி உச்சியில் ஓங்கி ஒரு அடி வைத்தான், இவன் ஊசியைத் தூக்கிவிட்டான்.

அமைதி. தட்டு மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மேலாளர் கண்ணாடியில் இரண்டு கையாலும் குத்தினார், அவர் வாய் திறந்து திறந்து மூடியது, ஒரு சொல்லும் உள்ளே வரவில்லை, பூட்டிய கதவின் கைப்பிடி மேலும் கீழும் ஆடியது. தையல்காரம்மாவின் போன் வந்தது, பச்சைப் பொத்தானை அமுக்கினான். கேட்டுச்சு தம்பி, என்றாள், மூச்சு வாங்கியது, பின்னால் மரம் பிளக்கிற சத்தமும் ஆண்கள் கத்துவதும் கேட்டன, எல்லாருக்கும் கேட்டுச்சு, உள்ள போயிட்டாங்க, அந்த ஆளைப் புடிச்சிட்டாங்க. அக்கா, என்றான். ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கு, என்றாள். அக்கா பேசுறாளா, என்றான். அவள் யாரிடமோ துணி கொண்டா துணி கொண்டா என்றாள், பிறகு போனுக்குத் திரும்பிவந்து, குறையாகச் சொல்வது மாதிரிகூட இல்லாமல், மொதல்லயே கத்துனா தம்பி, பாட்டையும் மீறி எனக்கே கேட்டுச்சு, கொஞ்சம் முன்னாடி நிறுத்தியிருக்கக் கூடாதா, என்றாள்.

நிறுத்தியிருக்கலாம். பாஸ் கிடார் தொடங்கியதுமே நிறுத்தியிருக்கலாம், குழல்கள் வந்தபோது, முதல் அடியில், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம். கை ஊசியின் மேல்தான் இருந்தது, ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்தது, நன்றாக நினைவிருக்கிறது. பிறகு எதற்காகக் காத்திருந்தது? அவன் அடிக்கத் தொடங்கட்டும் என்றா? அப்படி இருந்தால்கூடத் தேவலை, அப்படித்தான் என்று யாரிடமும் சொல்லிவிடலாம்... பாட்டை நடுவில் அறுக்க அந்தக் கைக்குத் தெரியாது, இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் அறுத்ததில்லை. ட்ரம்காரன் உருட்டி முடிக்கட்டும் என்றுதான் அது காத்திருந்தது.