ரவிக்கை என்று எழுதுகிறவள்

"பிளவுஸ் டைட்டா இருக்குன்னா என்னம்மா அர்த்தம்?"

இதைக் கேட்டபோது இன்ஸ்பெக்டர் செம்பியன் முகத்தில் சிரிப்பில்லை. ஜுவேரியாவுக்குத்தான் சிரிப்பு வந்து தொண்டையில் நின்றது. தி. நகரில் ஒரு துணிக்கடையின் மாடியில், கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அந்தப் போலீஸ் அலுவலக மேசைமேல் திறந்து கிடந்தது அவளுடைய போன். பக்கத்து அறையில் இருந்தவன் அவளுடைய தம்பி ஃபராஸ். எங்கே சிரிப்பது?

"டைட்டா இருக்குன்னுதான் சார். பிரிச்சுத் தைக்கணும்."

செம்பியன் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்துக் கேட்டார். இடது காது, எங்கேயோ வெடித்த ஒரு குண்டோடு போய்விட்டதாம். "அன்னிக்கு குண்டு வச்சவனுங்க 'பந்தல் ரெடி'ன்னு மெசேஜ் போட்டிருந்தானுங்கம்மா. எங்களால திறந்து படிக்க முடியல. முன்னாடியே படிச்சிருந்தா, செத்தவங்க அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க." அவர் கதை விடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அதுதான் அவளை உலுக்கியது. கெட்டவராக இருந்திருந்தால் மனசுக்குள்ளாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

ஃபராஸ் ராயப்பேட்டையில் பழைய போன் வாங்கி விற்கிறவன். அவனிடம் போன் வாங்கிய ஓர் ஆளைப் பயங்கரவாத வழக்கில் பிடித்திருந்தார்கள். அந்த ஆள் வேளச்சேரியில் பதுங்கியிருந்த சாயங்காலம் ஃபராஸும் வேளச்சேரிக்குப் போயிருக்கிறான். எதற்குப் போனாய் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். அவன் போனில் இருந்ததெல்லாம் அக்கா அனுப்பிய ஒரு வரி: "லைனிங் கிடைச்சிடுச்சு, முத்தம்மா வீட்ல இறக்கிடு."

லைனிங் என்றால் லைனிங் துணி இல்லை. தங்க ஓர் இடம்.

ஜுவேரியாவிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு குரூப் உண்டு. அதில் வருகிற மெசேஜை நடுவில் இருந்து எந்த அரசாங்கமும் படிக்க முடியாது என்று விளம்பரம் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் அரசாங்கமா இவர்கள் போனை நோண்டுகிறது? புருஷன் நோண்டுகிறான். பாஸ்வேர்டு கொடு என்று தலைமுடியைப் பிடிக்கிறவனிடம் எந்தப் பூட்டு நிற்கும்? அதனால்தான் ஜுவேரியா ஒரு வழி செய்தாள். பிளவுஸ் டைட் என்றால் வீட்டில் அடி. தையல் பிரிச்சாச்சு என்றால் வெளியே வந்துவிட்டேன். அளவு சரி என்றால் நலம். ஆரி வேலைக்காரி போனில் பிளவுஸ் பேச்சு இருந்தால் எவன் சந்தேகப்படுவான்? போதாததற்கு, வாரம் ஒருமுறை எல்லாம் தானாக அழியும்படியும் வைத்திருந்தாள்.

"மறைக்க ஒண்ணுமில்லன்னா எதுக்கும்மா அழியிற மாதிரி வைக்கணும்?" என்றார் செம்பியன். பிறகு திரையைத் தள்ளிக்கொண்டே போனவர் நிறுத்தினார். "எல்லாரும் பிளவுஸ்னு எழுதறீங்க. ஒருத்தங்க மட்டும் எப்பவும் 'ரவிக்கை'ன்னே எழுதறாங்களே. அது வேற கோடா?"

அது நீரஜா. அந்த வார்த்தைக்காக அவளை எல்லோரும் கிண்டல் செய்வார்கள். "பிளவுஸ்னா கடையில தொங்குறது. ரவிக்கைன்னாதான் என்னுது" என்பாள், கன்னம் வீங்கியிருக்கிற நாளிலும். போன செவ்வாய்க்கிழமை "ரவிக்கை தையல் பிரிச்சாச்சு" என்று எழுதிவிட்டுக் கட்டின புடவையோடு வந்து நின்றாள். ஃபராஸ்தான் பைக்கில் கொண்டுபோய், அதே குரூப்பில் இருக்கும் முத்தம்மாவின் வேளச்சேரி வீட்டில் விட்டான். "யாரு கேட்டாலும் சொல்லாதடா" என்று தம்பியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள் ஜுவேரியா. யாரு என்று அவள் சொன்னது நீரஜாவின் புருஷன் அசோகனை. மக்குப் பயல், போலீஸையும் சேர்த்துக்கொண்டான்.

"சொல்லலேன்னா உங்க தம்பி மேல சந்தேகம் ஏறிக்கிட்டேதான் போகும்" என்றார் செம்பியன். மிரட்டலாகச் சொல்லவில்லை. அப்போது பக்கத்து அறையில் ஃபராஸ் இருமினான். சின்ன வயதிலிருந்தே பயந்தால் அவனுக்கு அந்த இருமல் வரும். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். லைனிங், தையல், நீரஜா, முத்தம்மா வீட்டு விலாசம் எல்லாம்.

"அவ வீட்டுக்காரனுக்கு மட்டும் தெரியக் கூடாது சார். கொன்னுடுவான்."

"நாங்க தேடறது அவரை இல்லம்மா" என்றார் செம்பியன். அதை அவள் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டனுப்பினார். முகம் தெளிவாக இருந்தது. "நீங்க சொன்னது உண்மைதான். சரிபார்த்துட்டோம்."

ஜுவேரியாவுக்கு உயிர் வந்தது. "தம்பிய விட்டுடுவீங்களா சார்?"

"அந்தம்மாவை விடத்தான் போனான்னு ஆயிடுச்சு. விட்டுட்டு அந்த ஆளைப் பார்க்கலன்னு யாரு சொல்றது? இன்னும் விசாரிக்கணும்."

பிறகுதான் அவளுக்கு அடுத்த கேள்வி உதித்தது. "யாருகிட்ட சார் சரிபார்த்தீங்க?"

"அவங்க வீட்டுக்காரர்கிட்டதான். சம்சாரம் வீட்டை விட்டுப் போனது நிஜமா, இந்த விலாசத்துலதான் இருக்காங்களா, இந்த பிளவுஸ் கோடு விஷயம் தெரியுமான்னு எங்க ஆளுங்க கேட்டாங்க. நீங்க சொன்னதை மட்டும் வச்சு எப்படிம்மா எழுத முடியும்?"

போன் இன்னும் அவர்களிடமே இருந்தது. நீரஜாவின் நம்பர் மனப்பாடம் இல்லை. இந்தக் காலத்தில் யாருக்குத்தான் இருக்கிறது? மயிலாப்பூர் ஸ்டேஷனுக்கு ஓடி, வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலைப் பிடித்தாள். ஜன்னல் வழியாக வந்துபோன ஒவ்வொரு ஸ்டேஷனையும் சபித்தாள். செம்பியனைச் சபிக்க வாய் வரவில்லை. தன்னையே சபித்துக்கொண்டாள்.

முத்தம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "காலையிலேயே வந்துட்டான்க்கா அந்த அசோகன். நான் குறுக்க நின்னேன், தள்ளிட்டான். கைய புடிச்சு இஸ்துக்கினு பூட்டான். உனக்கு எத்தினி தபா போன் போட்டேன் தெரிமா?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் போனை நீட்டினாள். "ஆனா இப்போ மெசேஜ் வந்துகீதுக்கா. நல்லாத்தான் கீறாளாம்."

நீரஜாவின் நம்பரிலிருந்து குரூப்புக்கு வந்திருந்தது. ஜுவேரியா படித்தாள்.

"பிளவுஸ் அளவு சரியா இருக்கு. யாரும் வர வேணாம்."

முத்தம்மாவின் போனைப் பிடுங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடினாள். செம்பியன் அந்த வரியை வாங்கிப் பொறுமையாக இரண்டு முறை படித்தார்.

"அளவு சரின்னா நலம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"இது அவ எழுதலை சார். பாருங்க, ரவிக்கைன்னு இல்ல. பிளவுஸ்னு இருக்கு."

செம்பியன் அவளை நிமிர்ந்து பார்த்தார். வலது காதால் நன்றாகவே கேட்டிருந்தார். "பிளவுஸ், ரவிக்கை. ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பக்கத்து அறையில் ஃபராஸ் இருமிக்கொண்டே இருந்தான்.