பதினோரு நொடித் தயக்கம்

நாற்பது நாளாக அந்த மேசை அக்காவுக்காகக் காத்திருந்தது. திரையில் கடைசியாக விழுந்த சீட்டு கவிழ்ந்து கிடக்க, கீழே ‘ஒருவர் வர வேண்டும்’ என்ற வரி மட்டும் மினுக்கியது.

யாரும் தனியாகத் திருத்த முடியாத கணினிப் பதிவேடான பிளாக்செயினில் அவன் கட்டிய சீட்டாட்டம் அது. ஆடுபவர்கள் ஆளுக்கொரு முறை சீட்டுக்கட்டைக் கலைத்து, ஆளுக்கொரு பூட்டுப் போடுவார்கள். எல்லாரும் தத்தம் பூட்டைத் திறந்தால்தான் ஒரு சீட்டு நிமிரும். எல்லாப் பூட்டையும் திறக்கிற ஒரே சாவி யாரிடமும் கிடையாது, கட்டியவனிடமும். சின்ன வயதில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து, தோளுக்குப் பின்னால் நின்று அவன் சீட்டைப் பார்த்துவிடுகிற அக்காவை மனதில் வைத்துத்தான் நிரலின் முதல் வரியையே எழுதினான்.

சோதனைக்கு முதல் ஆளாக வந்தவளும் அவள்தான். ஒன்பது ஆட்டம் வரிசையாகத் தோற்றாள். பத்தாவதின் நடுவில் போன் செய்தாள்.

“நீ கட்டின வீடு. உன்கிட்ட சாவி இல்லன்னு நான் நம்பணுமா?”

“சத்தியமா இல்லக்கா.”

“என் சீட்டு உனக்குத் தெரியுது. போடா, திருட்டுப் பயலே.”

“திருட்டப் பத்தி நீ பேசறியா?”

அதோடு வைத்தவள்தான். தன்மேல் தப்பில்லை என்று அவனும் விறைப்பாக இருந்துவிட்டான்.

இன்று காலை அவனுடைய தொழில் கூட்டாளி ஆட்டத்தின் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

“டேய், சீட்டுக்குப் போர்வை போத்திட்டு நேரத்த அம்மணமா விட்டுட்டியே. முடிஞ்ச ஆட்டத்தப் பாரு. சின்னச் சீட்டுன்னா உங்கக்கா உடனே போடறாங்க. பெரிய சீட்டுன்னா பதினோரு செகண்ட் யோசிக்கறாங்க.”

அவன் பார்க்கவே தேவையில்லை. அந்தப் பதினோரு நொடியில் அவள் கீழுதட்டைக் கடிப்பதுகூட அவனுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் ஒன்பது ஆட்டமும் ஜெயித்திருக்கிறான், தனக்கே தெரியாமல்.

“எல்லார் சீட்டும் இருபது செகண்டுக்கு ஒருதடவ மொத்தமாப் போகட்டும்” என்றான் கூட்டாளி. “அப்புறம் யார் தயங்கறாங்கன்னு கடவுளுக்கே தெரியாது.”

மதியத்துக்குள் அவனே அதை எழுதி முடித்தான். பத்து வரிகூட வரவில்லை. அதை ஏற்றிவிட்டால், அவள் திரும்பி வந்தாலும் யாரோ ஒருத்தி ஆடுவது போலத்தான் இருக்கும். தயக்கம் இருக்காது, உதடு இருக்காது. ஆனாலும் ஏற்றினான்.

போனை எடுத்து எழுதினான்: “நீ சொன்னது சரிதான்க்கா. சாவி இல்லாமலே பாத்திருக்கேன்.”

படித்துவிட்டாள். பதில் தட்டுகிறாள் என்று காட்டும் மூன்று புள்ளிகள் துள்ளின. நின்றன. மறுபடி துள்ளின. தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தான். ஒன்பது, பத்து, பதினொன்று. அதையும் தாண்டிப் புள்ளிகள் துள்ளிக்கொண்டே இருந்தன.