கோடு சரி, சக்கரம் கோணல்

மூன்றாவது தடவையாகச் செயின் கழன்றபோது கலிசிஸோ மேட்டில் இருந்தோம். மாப்பிள்ளை லுட்டாயா வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நான் பின் சீட்டில், மடியில் சேவலோடு உட்கார்ந்திருந்தேன். மணி ஒன்று. இரண்டு மணிக்கு, மணப்பெண் நம்பூஸே வீட்டு வாசலில், பிந்தி வருபவர்களை மறிக்கக் கயிறு கட்டிவிடுவார்கள். அதற்குள் மாப்பிள்ளையும், அவள் அண்ணன் கையில் கொடுக்க வேண்டிய சேவலும் போய்ச் சேராவிட்டால் பெண் கிடையாது. நாங்கள் வாடகைக்கு பைக் ஓட்டும் ஸ்டாண்டை ஸ்டேஜ் என்போம்; அந்த பைக்குகள் எல்லாம் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டன.

"உனக்கு வண்டியே ஓட்டத் தெரியலடா," என்றேன். ஸ்டேஜிலேயே எனக்குத்தான் வாய் அதிகம். அதனால்தான் மாப்பிள்ளை தரப்பில் பேச என்னை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அங்கே வாய் திறக்கக் கூடாது.

"நீயே பாருடா முபிரு! பின் சக்கர அச்சு ரெண்டு பக்கத் தகட்டுலயும் மூணாவது கோட்டுலதான் நிக்குது. நேத்துதான் வச்சேன்."

ஒவ்வொரு தடவை கழன்றபோதும் அவன் செயினை இன்னும் இறுக்கினான். கரகரவென்ற சத்தம் கூடியதுதான் மிச்சம்.

மாமரத்தடியில் பைக் ரிப்பேர் பார்க்கும் பெண்ணிடம் தள்ளிக்கொண்டு போனோம். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊரே அவளை நாலோங்கோ என்றுதான் கூப்பிடும்.

"யாரு இப்படி முறுக்கி வச்சது? செயின் ரெண்டு விரல் அளவு ஆட வேண்டாமா?" என்றபடி பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். "பல்லு ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு பளபளங்குது. சக்கரம் கோணலா நிக்குது மாப்பிள்ளை."

"கோடு சரியா இருக்கே, நாலோங்கோ!"

அவள் பின் டயரில் நூலைக் கட்டி, இரண்டு பக்கமும் முன் டயர் வரைக்கும் இழுத்தாள். ஒரு பக்க நூல் டயரில் இடித்தது. மறுபக்கம் என் கட்டைவிரலே நுழையும் அளவுக்கு இடைவெளி. குனிந்து அச்சுப் பக்கம் பார்த்தாள்.

"வலது பக்கத் தகடு இந்த வண்டியோடதே இல்ல. அதான் கோடு பொய் சொல்லுது. எவன் மாத்தினான்?"

எங்கள் ஸ்டேஜில் எவனாவது மத்தியானம் குட்டித் தூக்கம் போட்டால், அவன் வண்டியிலிருந்து அவசரத்துக்கு ஒரு சாமானைக் கழற்றிக்கொள்வது வழக்கம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். போன மாதம் என் வண்டித் தகடு உடைந்தது. லுட்டாயாவுடையதை எடுத்துக்கொண்டு, காயலான் கடைத் தகடு ஒன்றை அவனுக்கு மாட்டிவிட்டேன். சொல்ல மறந்தேன் என்று சொன்னால் அது பொய்.

"தெரியலயே," என்றான் லுட்டாயா. நான் சேவலின் இறகை நீவிக்கொண்டிருந்தேன்.

நாலோங்கோ கோட்டை மறந்துவிட்டு, நூலை மட்டும் பார்த்து வலது நட்டைக் கால் கால் சுற்றாகத் திருப்பினாள். நூல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நின்றதும் அச்சை இறுக்கினாள். அதற்கப்புறம் வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது.

போய்ச் சேர்ந்தபோது இரண்டேகால். வாசலில் கயிறு. கயிற்றுக்குப் பின்னால் நம்பூஸேயின் அத்தை, பைக் ஓட்டுபவனுக்குப் பெண் கொடுக்கவே கூடாது என்று ஆறு மாதமாகச் சொல்லிவருபவள், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏன் லேட்டு?"

"செயின் கழண்டுருச்சு, அத்தை," என்றேன்.

"சோறு போடுற வண்டிய ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. எங்க பொண்ண ஒழுங்கா வச்சுக்குவானா? திரும்பிப் போங்க."

லுட்டாயா என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது, அவனைவிட அதிகமாக.

"அவன் ஒழுங்காத்தான் வச்சிருந்தான். நான்தான் அவன் தகட்டைத் திருடிட்டு ஒரு ஓட்டைத் தகட்டை மாட்டி விட்டேன். தப்பு என்னோடது," என்று இருநூறு பேர் முன்னால் சேவலோடு மண்டியிட்டேன்.

பந்தல் முழுக்கச் சிரிப்பு. அத்தைக்கும் உதடு துடித்தது. "உன்ன மாதிரி ஒருத்தன பக்கத்துல வச்சுக்கிட்டே ஒழுங்கா பொழைக்கிறானா? அப்ப எங்க பொண்ணையும் சமாளிச்சுருவான். கயித்த அவுங்கடா!"

உள்ளே போகும்போது, பேசக் கூடாத மாப்பிள்ளை என் காதருகே குனிந்தான்.

"முபிரு, நாளைக்கு இறக்கத்துல மெதுவாப் போடா. உன் பிரேக் கேபிள் என் வண்டியிலதான் இருக்கு."